ஜும்பாவின் கடைசி வரி

ஜும்பாவின் கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் திருத்தம் அனுப்பியிருந்தீர்கள். "தேவையற்ற பேச்சு" என்று காரணம் எழுதியிருந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். இரண்டாவது பிள்ளைக்காக விடுப்பில் போகிறேன், திரும்பி வந்தாலும் இந்தக் குழுவுக்கு வரமாட்டேன். அதனால் கருவி இனி உங்கள் கையில். நான் போன பிறகு அந்த வரி ஏன் இருக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது என்பதால், நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் இதைச் சொல்ல வேண்டும். நம்முடைய கம்பெனி பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக் குழாய் பொருத்தும் சிறிய பிளாஸ்டிக் இணைப்புகளைச் செய்கிறது. தொழிற்சாலை அக்கரையில், மாக் மண்டினில். மென்பொருள் எழுதும் நாம் இக்கரையில், தீவில் இருக்கும் கெலுகோரில். நடுவில் கடலும் அதன்மேல் ஒரு பாலமும். தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு சோதனை இயந்திரமும் தன் முடிவுகளை உரைக் கோப்புகளாக எழுதித் தள்ளும். அவற்றில் ஒரு லாட்டு எண்ணை, அதாவது ஒரு தொகுதிப் பெட்டிகளுக்குப் பொதுவான எண்ணை, தேட நமக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக நான் எழுதிய கட்டளைவரிக் கருவிதான் ஜும்பா. மலாய் மொழியில் "கிடைத்தது" என்று அர்த்தம். கறுப்புத் திரையில் ஜும்பா என்று தட்டி, பக்கத்தில் லாட்டு எண்ணைக் கொடுத்தால், அந்த எண் வரும் வரிகளையெல்லாம் காட்டும்.

தேடுவது சுலபம். கேட்காததை எப்படிச் செய்வது என்பதுதான் கஷ்டம். எந்தக் கோப்புறை என்று சொல்லாவிட்டால் எங்கே தேடுவது? சிறிய எழுத்தில் தட்டினால் பெரிய எழுத்தையும் சேர்த்துக்கொள்வதா? படக் கோப்புகளைத் திறந்து பார்ப்பதா? இவற்றுக்கெல்லாம் நாம் முன்கூட்டியே வைக்கும் பதில்தான் டிஃபால்ட். தட்டுபவர் ஒன்றும் சொல்லாதபோது அவர் சார்பில் நாம் சொல்லும் பதில் அது. எனக்கு அந்த வேலையே பயமாக இருந்தது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிப் பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள் நான். இன்னொருவருடைய சார்பில் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியில்லாத ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

ஆனாலும் வைத்தோம். ஹரிஷும் நானும். ஹரிஷ் என் வயதுதான். பக்கத்து மேசையில் இருந்து எங்கள் நிரல்களின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கோலாலம்பூரில் இருக்கிறான். கோப்புறை சொல்லாவிட்டால் நிற்கிற இடத்திலிருந்து கீழே எல்லாவற்றையும் தேடும். மறைவான கோப்புகளைத் தொடாது. களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாதவை என்று வைத்த ஒதுக்கல் பட்டியலில் இருக்கும் கோப்புறைகளுக்குள் போகாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாது. நம் தொழிலில் நல்ல கருவிகளின் வழக்கம் அதுதான். சொல்ல விஷயம் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது கேட்டாலும், நிரல் எழுதுகிறவர்களுக்கு அவை சரியான பதில்கள்தான் என்பேன். பல மாதங்கள் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

பிறகு தொழிற்சாலையிலும் ஜும்பாவைக் கேட்டார்கள். கொடுத்தோம். சரக்கை அனுப்புவதற்கு முன் லாட்டு எண்ணைத் தட்டிப் பார்ப்பது அங்கே பழக்கமாகிவிட்டது. சோதனையில் தேறிய பெட்டிகளை இயந்திரம் எண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளும். தோற்றதற்குத்தான் வரி எழுதும். ஆகவே ஒரு லாட்டின் எண் அந்த முடிவுக் கோப்புகளில் வந்தால், அதில் ஏதோ தவறு இருக்கிறது என்று பொருள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் சரோஜா அக்காவிடமிருந்து போன். மாக் மண்டினில் அனுப்பும் பிரிவுக்கு லைன் லீடர் அவர். சரக்கை வெளியே விடுவதற்குக் கையெழுத்துப் போடுகிறவர். நான் அப்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். தஸ்கா என்று நாங்கள் சொல்லும் குழந்தைக் காப்பகத்தில் என் மகள் ரேச்சல் காலையிலிருந்து இருமலோடு இருந்தாள். காய்ச்சல் வந்தால் மெசேஜ் அனுப்புவார்கள். மெசேஜ் வரவில்லை. வராத மெசேஜை நான் எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

"ஜெசி, சாப்டியா? ஒண்ணும் இல்ல மா, சும்மாதான் கேக்குறேன். சிங்கப்பூர் லாட்டு கிளியர் பண்ணி லோரிய விட்டாச்சு. ஆனா அதுல ஒரு பெட்டி நேத்து மறுபடி டெஸ்ட்டுக்குப் போனமாதிரி ஒரு ஞாபகம். ஜும்பாவுல தட்டுனேன், பிளாங்கா இருக்கு. பிளாங்குன்னா பாஸ்தானே லா?"

"ஆமாம் அக்கா" என்று வாய்வரை வந்தது. ஏன் வெளியே வரவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். பெரிய அறிவு ஒன்றும் இல்லை. பழக்கதோஷம். எனக்கு யார் எதை உறுதியாகக் கேட்டாலும் உடனே ஆமாம் சொல்ல வராது.

"அக்கா, ஒரு நிமிஷம். எந்த லாட்டு?"

எண்ணைச் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டு நானும் தட்டினேன். வெறும் திரை. மினுக்கும் கோடு மட்டும்.

பக்கத்திலிருந்து ஹரிஷ் எட்டிப் பார்த்தான். "அதான் இல்லேங்குதே. டூல் நல்லாத்தான் வேலை செய்யுது. நீ எழுதின டூல நீயே நம்பலேன்னா வேற யார் நம்புவா?"

"இல்லேன்னு அது சொல்லலியே. ஒண்ணுமே சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான் ஜெசி. போ, புள்ளைய கூப்பிடப் போ. ஓவரா யோசிக்கிற."

அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். லோரி போவது பாலம் தாண்டித் தீவில் இருக்கும் விமான நிலையத்துக்கு. நிறுத்தினால் அன்றைக்கு விமானம் போய்விடும். யார் நிறுத்தச் சொன்னது என்று திங்கட்கிழமை கேள்வி வரும். "எனக்கு மனசு சரியில்லை" என்று பதில் எழுத முடியாது. நிறுத்தாவிட்டால்? அந்தப் பெட்டிகள் எங்கேயோ ஒரு மருத்துவமனையில் பிரிக்கப்படும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது.

"அக்கா, லோரிய நிறுத்துங்க."

"ஐயோ, அது கேட் தாண்டிப் போயிருச்சு மா."

"டிரைவருக்கு போன் போடுங்க. பாலத்துல ஏறிட்டா திருப்ப முடியாது."

"கண்டுபிடிச்சிட்டியா? ஏதாச்சும் இருக்கா?"

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லாமலேயா நிறுத்தச் சொல்ற? என் போஸ் கேட்டா நான் என்னா சொல்றது?"

"ஜெசிந்தா சொன்னான்னு சொல்லுங்க."

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உரையாடலை அப்படியே எழுதினேன். தவறைக் கண்டுபிடித்த பிறகு நான் லோரியை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுத்தான் தேட உட்கார்ந்தேன். நின்ற லோரியை மறுபடி அனுப்பலாம். பாலம் ஏறிய லோரியைத் திருப்ப முடியாது. நெருக்கடியில் எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

டிரைவர் பாலத்துக்கு முன்னால், பிறை என்ற ஊரில் ஒரு கடை வாசலில் லோரியை நிறுத்திவிட்டு நாசி கண்டார் சோற்றைப் பொட்டலமாகத் தாபாவ் பண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குப் பசித்தது நம் நல்ல நேரம். "அவரு கேக்குறாரு, சாப்டுட்டுத் திரும்பட்டா, இப்பவே திரும்பட்டா?" என்றார் சரோஜா அக்கா. சாப்பிடச் சொன்னேன்.

பிறகு, எதையும் ஒதுக்காமல் தேடு என்ற விருப்பத்தைச் சேர்த்து ஜும்பாவை ஓட்டினேன். தேவையில்லாத குப்பைகள் நிறைய ஓடின. நடுவில் அந்த எண் வந்தது. மறுசோதனைக் கோப்புறையில், கசிவு, தோல்வி என்று.

ஹரிஷ் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு திரையில் அந்தக் கோப்புறையின் பெயரைப் படித்தான். "அந்தக் கோப்புறைய நான்தான் ஒதுக்கல் பட்டியல்ல போட்டேன்" என்றான். "படமா கொட்டிக்கிட்டே இருந்துச்சு. களஞ்சியம் ஊதிப்போச்சு."

அவன் போட்டது தவறில்லை. களஞ்சியத்துக்காக வைத்த பட்டியல் அது. ஜும்பாவை அந்தப் பட்டியலுக்குக் கீழ்ப்படிய வைத்தது நான். அதுவும் தவறில்லை. இரண்டு நியாயமான முடிவுகள் சேர்ந்து, மறுசோதனையில் தோற்ற ஒரு லாட்டைப் பாலம் வரைக்கும் கொண்டுபோயிருந்தன. லோரி திரும்பியது. தஸ்காவுக்கு நான் தாமதமாகப் போனேன். ரேச்சல் நன்றாகத்தான் இருந்தாள். ஆசிரியைதான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் எங்கள் மேலாளர் அதிகம் பேசவில்லை. "இனிமே எல்லாத்தையும் தேடட்டும். எதையும் விட வேணாம்" என்றார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். மறுநாளே மாற்றி அனுப்பினேன்.

நீங்களும் இந்த நிலையில் இதையே செய்வீர்கள் என்று நினைக்கிறேன். பயந்துபோனவர்கள் வைக்கும் டிஃபால்ட் இப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் நம் மேல் பழி வராது. ஆனால் அங்கே பார்க்கிறவரின் கண் என்ன ஆகிறது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. சில வாரங்களில் சரோஜா அக்கா கூப்பிட்டார்.

"என்னா லா ஜெசி இது, படம் முடிஞ்சி பேரு ஓடுறமாதிரி ஓடிக்கிட்டே இருக்கு?"

"எல்லாத்தையும் தேடுது அக்கா. பாத்து எடுக்கணும்."

"யாரு பாக்குறது? பிள்ளைங்க கடைசில நிக்கிறத மட்டும் பாத்துட்டு ஓகேங்குறாங்க. நானும் அப்படித்தான். கண்ணு வலிக்குது."

காப்பு நகல், நகலின் நகல், இயந்திரத்தின் சொந்தக் குறிப்புகள் என்று ஒரே எண் பல இடத்தில் வந்துகொண்டிருந்தது. அவற்றில் பாதி ஒரு பொருளும் இல்லாத வரிகள். முன்பு ஒன்றும் சொல்லாததால் ஏமாந்தார்கள். இப்போது எல்லாவற்றையும் சொல்வதால் யாரும் கேட்பதில்லை. முன்பைவிட இது மோசம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதைச் செய்தால் சரியாகும் என்று தெரியவில்லை. மேசையில் உட்கார்ந்து யோசிப்பதால் பயனில்லை என்று, ஒரு நாள் காலை ஃபெரி பிடித்து பட்டர்வொர்த் போய், அங்கிருந்து மாக் மண்டினுக்குப் போனேன்.

ஜும்பாவைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் கண்ணில் பட்டது ஒரு பலகை. லைனின் தலைமாட்டில் வெள்ளைப் பலகை மாட்டியிருக்கும். நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஷிஃப்ட் மாறும் நேரம். போகிற ஷிஃப்ட்டுப் பெண் பலகையை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டுப் போனாள். வருகிற ஷிஃப்ட்டுப் பெண் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே போய் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒண்ணும் எழுதலியே அக்கா?"

"ஒண்ணும் இல்ல, அதான் எழுதல."

"எல்லாம் சரின்னு எழுத மாட்டாங்களா?"

சரோஜா அக்கா சிரித்துவிட்டார். "சரின்னு எழுதுனா, பெரிய வேலை பாத்துட்டியான்னு கிண்டல் பண்ணுவாங்க. கோளாறு இருந்தா சிவப்புல எழுதுவோம். வெள்ளையா இருந்தா ஓட்டு. நான் வந்த நாள்லேந்து அப்படித்தான்."

"ஒருவேளை துடைச்சவங்க சரியாப் பாக்காம துடைச்சிருந்தா?"

"பாக்காம எப்படி மா துடைப்பா? பாத்தாதான் துடைக்கலாம்."

நான் அந்த வெள்ளைப் பலகை முன்னால் அப்படியே நின்றேன். அவர்களுடைய வெறுமைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள். எல்லா இயந்திரத்தையும் சுற்றி வந்துவிட்டுத்தான் துணியை எடுக்கிறாள். அதனால் அவர்கள் பலகையில் வெள்ளை என்றால் பார்த்தேன், சரி என்று அர்த்தம். ஜும்பாவின் வெறுமைக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. தான் போன இடத்தில் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். எங்கே போகவில்லை என்று அது சொல்லவே இல்லை. பல வருடமாக வெள்ளையை நம்பி வேலை செய்கிறவர்களிடம், அதேபோல் இருக்கும் இன்னொரு வெள்ளையைக் கொடுத்திருந்தோம்.

திரும்பி வந்து ஹரிஷிடம் சொன்னேன். ஒதுக்குவது இருக்கட்டும், குப்பையை ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒதுக்கியதைச் சொல்லிவிட வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வரி.

"கூடாது" என்றான். "ஜும்பா சொல்றத தானா ஓடுற நம்ம ஸ்கிரிப்ட் எல்லாம் படிக்குது. எக்ஸ்ட்ராவா ஒரு வரி வந்தா அதையும் விடைன்னு நினைச்சிக்கும். டூல்னா அடக்கமா இருக்கணும். உன்னமாதிரி பொலம்பக் கூடாது."

"நான் எங்க பொலம்புனேன்?"

"காலைலேந்து நாலு தடவ கேட்டுட்ட, இது சரியா, இது சரியான்னு."

அவன் கிண்டலில் நியாயம் இருந்தது. ஸ்கிரிப்ட்டைப் பற்றிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விவாதம் ஒரு வாரம் நடந்தது. கடைசியில் இப்படி முடிவானது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தேடிக் கிடைத்தவை ஒரு வழியில் போகும். அதில் ஜும்பா வேறெதையும் கலக்காது. கடைசி வரி பிழைச் செய்திகள் போகும் தனி வழியில், எதிரே மனிதர் உட்கார்ந்திருக்கும் திரைக்கு மட்டும் வரும். மறுசோதனைக் கோப்புறையைத் தொழிற்சாலைக் கணினிகளில் எந்தப் பட்டியலும் ஒதுக்க முடியாது. மற்ற குப்பைகள் ஒதுக்கப்படும், ஆனால் எவை என்று பெயர் சொல்லப்படும். ஒரு கோப்பைத் திறக்க முடியாமல் போனாலும், இணைப்பு அறுந்து ஒரு கோப்புறையை எட்ட முடியாமல் போனாலும் அதுவும் சொல்லப்படும்.

அந்த வரியை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்க மறுபடி சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். மலாயில் எழுதச் சொன்னார். அங்கே எல்லோருக்கும் பொதுவான மொழி அதுதான். "கிடைக்கலேன்னு மட்டும் போட்டா பாஸ்னு போய்டுவாங்க. இன்னும் பாக்கலேன்னு போடு. அப்பதான் யாராச்சும் பாக்கணும்னு தோணும்" என்றார். அப்படியே போட்டோம். நீங்கள் தேவையற்ற பேச்சு என்று எழுதியது அந்த வாக்கியத்தைத்தான்.

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாக ஆகும். போன மழைக்காலத்தில் மாக் மண்டினில் ஒரு சர்வர் பாதி படுத்துவிட்டது. ஜும்பா ஒரு லாட்டைத் தேடிவிட்டு, இன்ன இன்ன கோப்புறைகளை இன்னும் பார்க்கவில்லை என்று வரி போட்டது. சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசி, உன் மெஷின் இன்னும் பாக்கலேங்குது. அது பாக்குற வரைக்கும் லோரி நிக்கும். போஸ்கிட்ட சொல்லியாச்சு."

"என்னா சொன்னீங்க?"

"ஜெசிந்தா சொன்னான்னு சொன்னேன்" என்று சிரித்தார்.

சர்வரை எழுப்பிப் பார்ப்பதற்குள் விமானம் போய்விட்டது. பார்த்தால் ஒன்றும் இல்லை. லாட்டு சுத்தமாக இருந்தது. மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு வரிக்காக இப்படி நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்று இரவு முழுக்க, வரியின் வார்த்தைகளைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் மாற்றாமல் விட்டேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு இதைவிட மென்மையான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் திருத்தத்தை நான் நிராகரிக்கவில்லை. அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜும்பா எதை ஒதுக்குகிறது என்று தெரியும். ஆகவே நமக்கு அந்த வரி வெறும் பேச்சாகத்தான் தெரியும். நீங்கள் எழுதிய நிரலும் என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. நான் பார்க்காத ஏதாவது உங்களுக்குத் தெரிந்தும் இருக்கலாம். நான் தவறாகவும் இருக்கலாம், எனக்கு அது புதிதல்ல.

ஒன்று மட்டும் செய்யுங்கள். சேர்ப்பதற்கு முன்னால் சரோஜா அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். அவருடைய எண்ணை என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அந்த வரி வராது, திரை முன்போல வெறுமையாக இருக்கும் என்று சொல்லுங்கள். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். பிறகு, "பிளாங்குன்னா பாஸ்தானே?" என்று கேட்பார்.

அப்போது நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ, அதன்படி செய்யுங்கள்.